வெற்றுப் பெட்டியும் அதற்கேற்ற ஒலிபெருக்கியும்



கம்பளை நகரிலே பழைய தளபாடங்களை வாங்கி விற்கும் கடையொன்றின் தாழ்வாரத்தில், சில காலத்துக்கு முன்னர், மரப்பெட்டி ஒன்றைக் கண்டேன். முன்பலகை பலா மரம். பக்கப் பலகைகள் தேயிலைப் பெட்டிகளைப் பிரித்தெடுத்த ஒட்டுப்பலகைகள். இரண்டு இரண்டாக ஒட்டித் தடிப்பாக்கப்பட்டவை. உட்புறத்தில் தோட்டமொன்றின் பெயர் அச்சிட்ட கறுப்பு எழுத்துக்கள் பாதி அழிந்த நிலையில் இருந்தன. முன்புறத்தில் பெரிய வட்டத் துளை ஒன்றும், அதன் கீழே சிறிய துளை ஒன்றும் இருந்தன. சிறிய துளையின் பின்னால் தடித்த கடதாசியாற் செய்த குழாய் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பெரிய துளையோ வெறுமையாகக் கிடந்தது.

"உள்ளே இருந்த ஸ்பீக்கரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஐயா. பெட்டி மட்டுந்தான் மிச்சம். விறகுக்குப் போட மனமில்லை" என்றார் கடை முதலாளி.

அப்பெட்டியைச் செய்தவர் யாரோ அறியேன். ஆயினும், மூலைகளைப் பொருத்திய நேர்த்தியையும், குழாயை அளந்து வெட்டிய கவனத்தையும் பார்க்கும்போது, அவர் பொழுதுபோக்குக்காக மட்டும் அதனைச் செய்யவில்லை என்பது தெளிவாயிற்று. இத்தகைய பெட்டிக்குப் பொருத்தமான பழைய ஒலிபெருக்கியை எவ்வாறு தேடிக் கண்டுகொள்வது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இவ்விதப் பெட்டிகள் மலைநாட்டில் ஏன் காணப்படுகின்றன என்பதை முதலிற் சிந்திப்போம். இன்று நாம் காணும் இயங்குசுருள் ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்கப் பொறியியலாளர்களான ரைஸ், கெலொக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே ஆண்டு டிசெம்பர் மாதம் 16ஆம் திகதி கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறைப்படி ஆரம்பமாயிற்று. 1949இல் அது இலங்கை வானொலி என்னும் பெயரைப் பெற்றது. தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் குரல் கடல் கடந்தும் புகழ்பெற்ற காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் நல்லதொரு வானொலிப் பெட்டி என்பது ஒரு குடும்பத்தின் பெருஞ்சொத்து. பின்னர், 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, வெளிநாட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளை வாங்குவது பலருக்கு எட்டாக் கனியாயிற்று. கைத்திறன் உள்ளவர்கள் கிடைத்த பலகையைக் கொண்டு தாமே பெட்டி செய்தனர். தேயிலை நாட்டிலே தேயிலைப் பெட்டியின் பலகை கிடைப்பதில் வியப்பில்லை.

செய்தவர்கள் மறைந்தனர், பெட்டிகள் கைமாறின. உள்ளிருந்த ஒலிபெருக்கிகள் பழுதடைந்தன, அல்லது தனியே விற்கப்பட்டன. மரம் நூறாண்டு நிற்கும். கடதாசிக் கூம்பு அவ்வளவு காலம் நிற்பதில்லை. ஆகவே, வெற்றுப் பெட்டியை வாங்குபவர் ஒவ்வொருவரும் ஒரே கேள்வியை எதிர்நோக்குகின்றனர்: 'இதற்குள் எதனை வைப்பது?'

பெரும்பாலோர் இக்கேள்விக்கு நான் முதலில் அளித்த விடையையே அளிக்கின்றனர். அது தவறான விடை. பெட்டியின் துளை 18 சதமமீற்றர் விட்டமுடையது. அதாவது, எட்டு அங்குல ஒலிபெருக்கிக்கு உரியது. எனக்கோ பத்து அங்குல ஒலிபெருக்கி ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதன் காந்தம் பெரியது, பார்வைக்கு மிடுக்கானது. காந்தம் பெரிதாயின் ஒலியும் பெரிதாகும் என்று எண்ணி, வாளை எடுத்துத் துளையை 23 சதமமீற்றராக அகலித்தேன். பொருத்திக் கேட்டபோது, குரல் உரத்துக் கேட்டது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி எங்கோ ஒளிந்துகொண்டது. எந்தப் பாட்டும் தகரத்தில் தட்டியது போன்றே இருந்தது. ஒலிபெருக்கியைக் கழற்றிவிடலாம், வெட்டிய பலகையை மீண்டும் வளர்க்க முடியாது. யாரோ ஒருவர் அளந்து செய்த வேலையை அளக்காமற் கெடுத்தவன் நான் என்ற உறுத்தல் இன்றும் உண்டு. அந்த உறுத்தலே இந்தப் பேச்சுக்குக் காரணம் என்றாலும் பொருந்தும்.

என் தவறு எங்கே நேர்ந்தது என்பதை அறிய, ஒலிபெருக்கியும் பெட்டியும் எவ்வாறு சேர்ந்து தொழிற்படுகின்றன என்பதை அறிதல் வேண்டும்.

ஒலிபெருக்கியின் நடுவே காந்தமொன்றின் இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருள் தொங்குகிறது. சுருளிற் பாட்டின் மின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது. அதனுடன் ஒட்டப்பட்ட கூம்பு காற்றை அசைக்கிறது. கூம்பின் விளிம்பும், சுருளைத் தாங்கும் நெளிவுத் துணியும் சேர்ந்து ஒரு வில்லைப்போல அதனை மீண்டும் நடுநிலைக்கு இழுக்கின்றன. திணிவும் வில்லும் உள்ள எந்தப் பொருளும் தனக்கே உரிய மீடிறன் ஒன்றில் இலகுவாக ஆடும். ஊஞ்சல் அப்படித்தான், ஒலிபெருக்கியும் அப்படித்தான். செக்கனுக்கு 50 தடவை ஆடும் ஒலிபெருக்கியின் பரிவு மீடிறன் 50 ஹேர்ட்ஸ் என்பர். அதற்குக் கீழே ஒலி விரைவாகத் தேய்ந்துவிடும்.

கூம்பு முன்னே செல்லும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. பின்புறக் காற்று நெகிழ்கிறது. தாழ்ந்த ஒலிகளில் இவ்விரண்டும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டியின் முதற்கடமை இவ்விரண்டையும் பிரித்து வைப்பது. ஆனால், பிரித்தவுடன் வேறொன்று நிகழ்கிறது. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு வில்லாகின்றது. மிதிவண்டிப் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒலிபெருக்கியின் சொந்த வில்லோடு காற்றின் வில்லும் சேர, பரிவு மீடிறன் மேலே ஏறுகிறது. பெட்டி சிறிதானால் காற்றின் வில் கடினமாகும், ஏற்றமும் அதிகமாகும்.

இதிலிருந்து, ஓர் ஒலிபெருக்கியின் இயல்பை மூன்று எண்களாற் சொல்லலாம் என்பது பெறப்படும். முதலாவது, அதன் பரிவு மீடிறன். இரண்டாவது, அதன் வில்லுக்குச் சமமான நெகிழ்ச்சியுடைய காற்றின் கனவளவு. இதனை இணைகனவளவு என்று கூறுவோம். மூன்றாவது, பரிவில் ஆடத்தொடங்கிய கூம்பு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதைக் காட்டும் எண். இதனைப் பரிவுக் காரணி என்போம். காந்தம் வலிதாயின் கூம்பு விரைவில் அடங்கும், காரணி சிறிதாகும். காந்தம் மெலிதாயின் கூம்பு நெடுநேரம் ஆடும், காரணி பெரிதாகும்.

பழைய பெட்டிகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதல்வகை, பின்புறம் திறந்த பெட்டி. பழைய வால்வு வானொலிகளும் ரேடியோகிராம்களும் இவ்வகையின. இங்கே காற்றின் வில் இல்லை. தாழ்ந்த ஒலிகள் சுற்றி வந்து தேய்கின்றன. அத்தேய்வை ஈடுசெய்ய, பரிவுக் காரணி 0.7 முதல் 1 வரையுள்ள, மெலிந்த காந்தமுடைய ஒலிபெருக்கியே நன்று. இரண்டாம்வகை, முற்றாக மூடிய பெட்டி. பெட்டியில் இட்ட பின்னர் காரணி ஏறத்தாழ 0.7 ஆக அமையுமாயின் ஒலி சமநிலையாக இருக்கும். 1ஐத் தாண்டினால் தாழ்ந்த சுரங்கள் முழங்கத் தொடங்கும். மூன்றாம்வகை, துளையும் குழாயும் உள்ள பெட்டி. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஆல்பேட் துராஸ் 1932இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். குழாயினுள் உள்ள காற்று ஒரு திணிவு. பெட்டிக்குள் உள்ள காற்று வில். வெறும் போத்தலின் வாயில் ஊதினால் எழும் ஓசையைப்போல, இதற்கும் சொந்த மீடிறன் உண்டு. கூம்பு களைக்கும் இடத்திலே குழாய் கைகொடுக்கும். இவ்வகைக்குப் பரிவுக் காரணி 0.3 முதல் 0.45 வரையுள்ள ஒலிபெருக்கி வேண்டும்.

நான் வாங்கிய பத்து அங்குல ஒலிபெருக்கி மேடைப் பாவனைக்குரியது. அதன் பரிவுக் காரணி மிகச் சிறியது. பரிவு மீடிறனோ உயர்ந்தது. பெட்டியின் குழாய் உதவ முற்பட்ட தாழ்ந்த ஒலிகளில், கூம்பு தன் பங்கைச் செய்யவே இல்லை. பெரிய காந்தம் உயர்ந்ததுதான். அந்தப் பெட்டிக்கு உயர்ந்ததன்று.

இந்த எண்களுக்கும் பெட்டிக்கும் உள்ள உறவைத் தெளிவாக வகுத்தவர் அவுஸ்திரேலியரான நெவில் தீல். குழாயுள்ள பெட்டிகள் பற்றிய அவருடைய கட்டுரை 1961இல் அந்நாட்டில் வெளியாயிற்று. பத்தாண்டு காலம் உலகம் அதனைப் பெரிதும் கவனிக்கவில்லை. 1971இல் அமெரிக்க ஒலிப் பொறியியற் சஞ்சிகையில் மறுபிரசுரமான பின்னரே அது புகழ்பெற்றது. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த றிச்சட் ஸ்மோல் 1972, 1973ஆம் ஆண்டுகளில் அதனை மேலும் விரித்தார். தீல் அவர்கள் அவுஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனத்திற் பணியாற்றியவர் என்பது ஒலிபரப்பாளர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி, ஒலிபெருக்கியைத் தேடுமுன் பெட்டியைப் படிக்கக் கற்போம். அளவுகோலை எடுத்து உட்புற நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளவுங்கள். என் பெட்டியின் உள்ளளவு 60, 38, 23 சதமமீற்றர். மூன்றையும் பெருக்கினால் 52,440 கன சதமமீற்றர். அதாவது 52 இலீற்றருக்குச் சற்று அதிகம். குழாய்க்கும் மூலைச் சட்டங்களுக்கும் கழித்தால் 50 இலீற்றர் என்று கொள்ளலாம். குழாயின் விட்டம் 7.5 சதமமீற்றர், நீளம் 10 சதமமீற்றர். குழாயின் இரு வாயிலும் வெளியே உள்ள சிறிதளவு காற்றும் சேர்ந்து அசைவதால், பயனுறு நீளம் 15.5 சதமமீற்றர் ஆகிறது. கணக்கிட்டால், இப்பெட்டியின் மீடிறன் ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ்.

தீல் வகுத்த அட்டவணையிலே மிகச் சமநிலையான ஓர் அமைப்பு உண்டு. அதில் ஒலிபெருக்கியின் பரிவு மீடிறனும் பெட்டியின் மீடிறனும் சமம். பரிவுக் காரணி 0.38; இணைகனவளவு பெட்டியின் கனவளவைப்போல 1.41 மடங்கு. நம் பெட்டிக்கு இதனைப் பிரயோகித்தால், காணாமற்போன ஒலிபெருக்கியின் சாயல் தோன்றுகிறது: எட்டு அங்குலம், 41 ஹேர்ட்ஸ், 0.38, 70 இலீற்றர். முன்பின் அறியாத ஒருவரின் செருப்பைப் பார்த்து அவர் பாதத்தின் அளவைச் சொல்வதைப் போன்றது இது. பெட்டியைச் செய்தவர் தீலின் கட்டுரையைப் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. யாதேனும் ஒரு வானொலிச் சஞ்சிகையின் வரைபடத்தைப் பின்பற்றியிருக்கலாம். ஆகவே, இச்சாயலை வழிகாட்டியாகக் கொள்ளலாமேயன்றி ஆணையாகக் கொள்ளலாகாது. அண்மித்து வரும் ஒலிபெருக்கி கிடைத்தால் அதுவே பெரும் பேறு.

எங்கே தேடுவது? ஊரூராக உள்ள வானொலி திருத்தும் கடைகளில், பாவனைக்கு உதவாத ரேடியோகிராம்களின் உறுப்புகள் கிடப்பதுண்டு. கண்டியிலும், கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் விசாரிக்கலாம். ஆனால், ஒன்றை வலியுறுத்திச் சொல்வேன். இயங்கும் நிலையிலுள்ள பழைய வானொலியைச் சிதைத்து அதன் ஒலிபெருக்கியை எடுக்காதீர்கள். ஒரு பெட்டியைப் பேசவைக்க இன்னொரு பெட்டியை ஊமையாக்குவதில் என்ன நன்மை?

கையிற் கிடைத்த ஒலிபெருக்கியை முதலிற் கண்ணாலும் கையாலும் சோதிக்க வேண்டும். கூம்பின் விளிம்பு எதனாலானது என்று பாருங்கள். 1950களிலும் 1960களிலும் விளிம்புகள் பெரும்பாலும் நெளிவிட்ட கடதாசியாலோ பதப்படுத்திய துணியாலோ அமைந்தன. அவை நெடுங்காலம் உழைக்கும். பின்னர் வந்த பலவற்றில் மென்நுரை விளிம்பு உண்டு. காற்றின் ஈரம் அந்நுரையை மெல்ல மெல்லச் சிதைத்து, விரல் பட்டால் உதிரும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். மழையும் பனியும் மிகுந்த கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் போன்ற இடங்களில் இதனை மறக்கலாகாது. விளிம்பை மாற்றலாம், ஆனால் புதிய விளிம்பின் நெகிழ்ச்சி பழையதைப் போன்றே அமையும் என்பதற்கு உறுதியில்லை, எண்கள் மாறக்கூடும்.

அடுத்து, இரு கைப் பெருவிரல்களையும் கூம்பின் நடுவருகே எதிரெதிராக வைத்து, சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உரசும் ஓசையின்றிச் சென்று திரும்ப வேண்டும். மணல் அரைவதுபோலக் கேட்டால், காந்த இடைவெளியில் துரு ஏறியிருக்கலாம், இரும்புத் தூள் புகுந்திருக்கலாம், அல்லது கீழே விழுந்து காந்தத்தின் நடுக்கம்பம் நகர்ந்திருக்கலாம். பூஞ்சண வாடை வீசுகிறதா என்றும் பாருங்கள். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் வந்த பெருவெள்ளம் கண்டி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் பொருட்களைப் பாழாக்கியது. நீரில் ஊறிய ஒட்டுப்பலகை வெளியே காய்ந்தாலும் உள்ளே அடுக்கு விட்டுப் பிரியும். நீரில் ஊறிய ஒலிபெருக்கியின் துரு பின்னரே தலைகாட்டும். விற்பவர் துடைத்து மெருகிட்டுத் தரலாம். பலகையை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

பின்னர் மல்டிமீற்றரால் சுருளின் தடையை அளவுங்கள். 8 ஓம் என்று குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி மீற்றரில் 6 ஓம் அளவில் காட்டும். 15 ஓம் என்பது 10 முதல் 12 வரை காட்டும். குறியீட்டு எண் ஆடலோட்டத்துக்குரியது, மீற்றர் காட்டுவது நேரோட்டத்துக்குரியது என்பதே இவ்வேறுபாட்டின் காரணம். மீற்றர் அசையவே இல்லையெனில் சுருள் அறுந்துள்ளது.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. பிலிப்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில், வெளியீட்டு மாற்றி இல்லாத வால்வு வானொலிகளுக்காக, 800 ஓம் தடையுள்ள ஒலிபெருக்கிகளைச் செய்தது. தோற்றத்தில் அவை ஏனையவற்றைப் போன்றனவே. சாதாரண அம்பிளிபயரில் இணைத்தால் முணுமுணுப்பு மாத்திரமே கேட்கும்; வாங்கியவர் பழுதென்று எண்ணிவிடுவார். மற்றைய பொறி, இன்னும் பழைய மின்காந்த ஒலிபெருக்கி. நிலைகாந்தங்கள் பரவுமுன், ஒலிபெருக்கியின் காந்தத்தையே மின்சாரத்தால் ஊட்டினர். அவற்றில் இரண்டுக்கு மேற்பட்ட கம்பிகள் வெளிவரும். அக்காந்தச் சுருளுக்கு உயர்ந்த நேரோட்ட அழுத்தம் வேண்டும். அது உயிருக்கு ஆபத்தானது. பயிற்சி இல்லாதோர் அதனைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

காந்தத்தின் வகை பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஒலிபெருக்கிகளில் அலுமினியம், நிக்கல், கோபோல்ற்று சேர்ந்த அல்னிகோ காந்தம் இருந்தது. 1978இல் ஆபிரிக்காவின் சயர் நாட்டில், இன்றைய கொங்கோவில், நேர்ந்த போர்க் குழப்பத்தால் கோபோல்ற்றின் விலை பன்மடங்கு உயர்ந்தது. உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் பெரைற்று காந்தத்துக்கு மாறினர். அல்னிகோவின் ஒலி இனிது என்று சொல்லி அதிக விலை கேட்பவர்கள் உண்டு. பெட்டிக்குப் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பவை நாம் சொன்ன மூன்று எண்களே, காந்தத்தின் பெயரன்று.

அம்மூன்று எண்களையும் வீட்டிலேயே அளக்கலாம். சிறிய அம்பிளிபயர் ஒன்று, 1000 ஓம் தடை ஒன்று, 10 ஓம் தடை ஒன்று, மில்லிவோல்ற்றுக்களை அளக்கவல்ல மல்டிமீற்றர் ஒன்று ஆகியவை போதும். வேண்டிய மீடிறனில் ஒலியெழுப்பும் செயலி இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது. அம்பிளிபயரின் வெளியீட்டை 1000 ஓம் தடை வழியாக முதலில் 10 ஓம் தடைக்கு இணையுங்கள். அத்தடையின் குறுக்கே மீற்றர் 10 மில்லிவோல்ற்று காட்டும்வரை ஒலியளவைத் திருத்துங்கள். பின்னர் 10 ஓம் தடையை நீக்கி, அவ்விடத்தில் ஒலிபெருக்கியை இணையுங்கள். இனி மீற்றர் காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ற்றும் ஏறத்தாழ ஓர் ஓம் ஆகும்.

ஒலிபெருக்கியை எதன்மீதும் சாராமல் காற்றில் நிறுத்தி, மீடிறனை 20 ஹேர்ட்ஸிலிருந்து மெல்ல உயர்த்துங்கள். மீற்றர் ஏறி, உச்சத்தைத் தொட்டு, இறங்கும். உச்சம் தோன்றும் இடமே பரிவு மீடிறன். உதாரணமாக, சுருளின் தடை 6 ஓம். உச்சம் 50 ஹேர்ட்ஸில் 54 ஓம் என்று கொள்வோம். 54ஐ 6ஆல் வகுக்க 9 வரும். அதன் வர்க்கமூலம் 3. சுருளின் தடையை இந்த மூன்றாற் பெருக்கினால் 18 ஓம். உச்சத்தின் இருபுறமும் மீற்றர் 18 காட்டும் மீடிறன்களைக் கண்டுபிடியுங்கள். அவை 40, 62.5 என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் வித்தியாசம் 22.5. 50ஐ மூன்றாற் பெருக்கி 22.5ஆல் வகுத்து, வரும் விடையை மீண்டும் 9ஆல் வகுத்தால் 0.74 கிடைக்கும். அதுவே பரிவுக் காரணி. சரிபார்ப்பதற்கும் வழியுண்டு: 40ஐயும் 62.5ஐயும் பெருக்கினால் 2500. அதன் வர்க்கமூலம் 50. இது உச்சத்தின் மீடிறனுடன் ஒத்துவராவிடின் எங்கோ பிழை நேர்ந்துள்ளது.

இணைகனவளவை அறிய நம் பெட்டியே கருவியாகும். குழாயின் வாயை இறுக அடைத்துவிட்டு, ஒலிபெருக்கியைப் பெட்டியின் துளைமீது காற்றுப் புகாதபடி பொருத்தி, பரிவு மீடிறனை மீண்டும் அளவுங்கள். 50 ஆக இருந்தது 74 ஆக ஏறியது என்போம். 74ஐ 50ஆல் வகுத்து வர்க்கித்தால் 2.19. ஒன்றைக் கழிக்க 1.19. பெட்டியின் 50 இலீற்றரால் பெருக்க, ஏறத்தாழ 60 இலீற்றர். துளையை ஓர் அணுவும் வெட்டாமல், ஆணி ஒன்றும் அடிக்காமல், ஒலிபெருக்கியின் வரலாறு முழுவதும் கைக்கு வந்துவிட்டது.

இந்த உதாரண ஒலிபெருக்கி நம் பெட்டிக்கு ஏற்றதா? 0.74 என்னும் காரணி குழாயுள்ள பெட்டிக்கு மிகப் பெரிது. குழாயை அடைத்து மூடிய பெட்டியாக்கினாலோ, மீடிறன் ஏறிய அதே விகிதத்தில் காரணியும் ஏறி 1.1 ஆகிவிடும், முழக்கம் மிகும். பெட்டி 120 இலீற்றராக இருந்திருந்தால் காரணி 0.9 அளவில் நின்றிருக்கும். ஆகவே, இது பின்புறம் திறந்த ரேடியோகிராமின் வாசி; அதற்கே விட்டுவிடுதல் நன்று. பழைய வானொலிகளிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கிகளைச் சிறு பெட்டிகளில் அடைத்துவிட்டு, ஒலி குமுறுகிறது என்று வருந்துவோரின் குறை பெரும்பாலும் இதுவே.

சற்றே பொருந்தாத ஒலிபெருக்கியைப் பெட்டியோடு இணங்கச் செய்யச் சில வழிகள் உண்டு. உட்சுவர்களில் இலவம் பஞ்சையோ கம்பளியையோ பரப்பினால் எதிரொலி அடங்கும். மூடிய பெட்டியில் பஞ்சை நிறைத்தால், பெட்டி பத்து முதல் இருபது வீதம் வரை பெருத்ததைப்போல நடந்துகொள்ளும். குழாயை நீட்டினால் பெட்டியின் மீடிறன் இறங்கும், குறைத்தால் ஏறும். மெல்லிய பலகைகளுக்குக் குறுக்குச் சட்டம் வைத்தால் அவை தாமே பாடுவதை நிறுத்தும். இங்கிலாந்தின் யோக்சயரில் 1932ஆம் ஆண்டு தம் வீட்டு நிலவறையில் முதல் ஒலிபெருக்கியைச் செய்து, வாஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பேட் பிறிக்ஸ், இரு பலகைகளுக்கிடையே மணலை நிரப்பி இந்நடுக்கத்தை அடக்கினார். வீட்டில் தொடங்கிய வேலை என்பதற்காக எதனையும் இகழ வேண்டியதில்லை.

இவை யாவும் மீளத்தக்க மாற்றங்கள் என்பதைக் கவனியுங்கள். பஞ்சை எடுத்துவிடலாம்; குழாயை மாற்றலாம்; சட்டத்தைக் கழற்றலாம். துளையை அகலிப்பது மட்டும் மீளாதது. பெரிய துளையிற் சிறிய ஒலிபெருக்கியை வைக்க வேண்டின், வளையப் பலகை ஒன்றை வெட்டித் திருகாணியாற் பொருத்தலாம். சிறிய துளைக்குப் பெரிய ஒலிபெருக்கியைத் தேடாதிருப்பதே நெறி.

அம்பிளிபயரைப் பற்றியும் நினைவிற் கொள்க. பழைய ஒலிபெருக்கிகள் மூன்று நான்கு வாற்று வால்வு வானொலிக்காகச் செய்யப்பட்டவை. சிறு ஆற்றலிலேயே உரத்துப் பாடும். பெரும் ஆற்றலைத் தாங்கமாட்டா. இக்காலத்து ஐம்பது வாற்று அம்பிளிபயரை முழுவீச்சில் திறந்தால், அறுபதாண்டு வாழ்ந்த சுருள் ஒரே இரவில் கருகிவிடும். மேலும், வால்வு அம்பிளிபயரின் உட்தடை கூம்பின் ஆட்டத்தை அடக்கும் வலுவைச் சற்றுக் குறைப்பதால், பரிவுக் காரணி உயரும். அன்று வால்வோடு இணங்கிய ஒலிபெருக்கி, இன்றைய அம்பிளிபயரோடு சற்று வறண்டு கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் பெட்டியின் கதை என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கக்கூடும். பலா மரத்திலேயே வளையம் ஒன்று வெட்டுவித்து, துளையை மீண்டும் 18 சதமமீற்றராக்கினேன். வெட்டிய தழும்பு உற்றுப் பார்ப்போருக்குத் தெரியும். அது தெரியத்தான் வேண்டும். பின்னர் மீற்றரும் கையுமாகப் பல மாதங்கள் அலைந்தேன். ஐந்து ஒலிபெருக்கிகளை அளந்து, நன்றி கூறித் திருப்பிக் கொடுத்தேன். ஆறாவது, கண்டியிலே பழுதான ரேடியோகிராம் ஒன்றிலிருந்து வந்தது. துணி விளிம்பு, 15 ஓம், பரிவு மீடிறன் 45, காரணி 0.42, இணைகனவளவு 58 இலீற்றர். முன்னர் வரைந்த சாயலுக்கு முற்றும் ஒத்ததன்று; உறவினர் என்று சொல்லத்தக்கது.

அன்று மாலை அதனைப் பொருத்தி, குறைந்த ஒலியில் வானொலியைத் திறந்தேன். செய்தி வாசிப்பவரின் குரல் நெஞ்சிலிருந்து வந்தது. பின்னர் ஒலித்த கச்சேரியில், காணாமற்போன மிருதங்கத்தின் தொப்பி ஒலி தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. பெட்டியைச் செய்தவர் எந்த ஒலியை நினைத்து அக்குழாயை வெட்டினாரோ, அதற்கு அண்மையில் வந்துவிட்டோம் என்று தோன்றியது.

பழைய பெட்டி ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலோ, கடைத் தாழ்வாரத்திலோ கிடக்கலாம். அதனை எடுத்து வாருங்கள். அளவுகோலை முதலில் எடுங்கள். வாளை எடுக்க அவசரப்படாதீர்கள். பெட்டி தனக்கு வேண்டியதை அளவுகளிற் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்பதற்கு நாம்தான் சிறிது பொறுமை பழக வேண்டும்.